கல்தூசும் ஒரு துளி இரத்தமும்

மேலூரிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் கருங்காலக்குடியைக் கடந்து கொட்டாம்பட்டிக்கு வருகிறவர்களுக்கு, இவ்வட்டாரத்தின் தொழில்கள் எவையென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒருபுறம் வயலும் தென்னந்தோப்பும். மறுபுறம் வெட்டப்பட்ட பாறைகளும், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளும். மழை பொய்த்த ஆண்டுகளில் வயலை விட்டுக் கல்லுக்குப் போனவர்கள் இங்கு பலர். நம் மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு இருமலோடும் இளைப்போடும் வருகிறவர்களில் அக்குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அடிக்கடி இருக்கிறார்கள்.

ஆயினும், புறநோயாளர் சீட்டைப் பார்த்து அதனை அறிய முடியாது. பெயர், வயது, ஊர் ஆகியவற்றுக்குக் கீழே ‘தொழில்’ என்று ஒரு வரி உண்டு. அவ்வரியில் பெரும்பாலும் ‘கூலி’ என்ற ஒரே சொல்தான் எழுதப்பட்டிருக்கும். நாற்று நடுவதும் கூலி. கட்டடத்தில் சித்தாள் வேலையும் கூலி. பாறையில் கம்ப்ரசர் கொண்டு துளை போடுவதும் கூலி. நுரையீரலுக்கு இம்மூன்றும் ஒன்றல்ல.

சென்ற ஆண்டு ஒரு தந்தையும் மகனும் என்னிடம் வந்தார்கள். தந்தைக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பத்து அடி நடப்பதற்குள் நின்று மூச்சு வாங்கினார். மகன் கையிலிருந்த மஞ்சள் பையில் ஏழெட்டு ஆண்டுக் காகிதங்கள். இரண்டு முறை காசநோய் மாத்திரைகளை முழுமையாக எடுத்து முடித்திருந்தார். இரண்டு முறையும் சளியில் காசநோய்க் கிருமி காணப்படவில்லை. எக்ஸ்ரேயில் தெரிந்த புள்ளிகளை வைத்தே மருந்து தொடங்கப்பட்டிருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் குவாரியில் துளை போடும் வேலை பார்த்தவர் என்ற செய்தி அக்காகிதங்கள் ஒன்றிலும் இல்லை. வேலையைக் கேட்டறிந்து, சி.டி. ஸ்கேனையும் பார்த்த பின்பு நோயின் பெயர் தெளிவாயிற்று: சிலிக்கோசிஸ். சிலிக்கா என்னும் கல்தூசு நுரையீரலில் படிந்து, அதனைத் தழும்பாக இறுகச் செய்யும் நோய்.

நோயைப் பற்றி நான் விளக்கி முடித்ததும் அவர் தம்மைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “எனக்கு வந்தது வந்துருச்சு டாக்டரம்மா. இவனும் மூணு வருசமா கிரசருக்குத்தான் போறான். இவனுக்கு உள்ள எப்படி இருக்குன்னு இப்பவே பாத்துச் சொல்ல முடியுமா?” என்றார்.

மகனுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். ஒரு புள்ளியும் இல்லை. “எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில் பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. அதனைச் சொன்ன நாளிலிருந்து அது என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

எக்ஸ்ரே சொல்லாத ஆண்டுகள்

கிரானைட் போன்ற கற்களில் குவார்ட்ஸ் என்னும் படிகச் சிலிக்கா கலந்திருக்கிறது. பாறையைத் துளைக்கும்போதும், உடைக்கும்போதும், அரைக்கும்போதும் அது தூசாகக் கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். தீங்கு செய்வது கண்ணுக்குத் தெரியாத தூசே. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்றுப் பைகள் வரை செல்லும் தூசு 5 மைக்ரானுக்கும் குறைவானது.

அங்கே சென்று சேர்ந்த தூசை விழுங்கி அழிக்க, உடலின் காவல் உயிரணுக்கள் வருகின்றன. கிருமியை அழிக்க வல்ல அவற்றால் கல்லைச் செரிக்க இயலாது. தூசை விழுங்கிய உயிரணு மடிகிறது. மடிந்ததும் தூசு மீண்டும் வெளிப்படுகிறது. அதனை விழுங்க அடுத்த உயிரணு வருகிறது. இவ்வாறு ஓயாமல் நடக்கும் போராட்டத்தில் அழற்சி உண்டாகி, நுரையீரலில் சிறு சிறு முடிச்சுகளாகத் தழும்புகள் உருவாகின்றன. வேலையை விட்ட பின்பும் உள்ளே தங்கிய தூசு தன் வேலையை விடுவதில்லை. அதனால்தான், குவாரிக்குப் போவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆனவரிடமும் நோய் வளர்ந்துகொண்டிருப்பதைக் காண்கிறோம்.

தூசு மிகுதியாக இருந்தால் சில ஆண்டுகளிலேயே நோய் முற்றிவிடும். பெரும்பாலோரிடம் அது வெளிப்படப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். எக்ஸ்ரேயில் புள்ளி தோன்றும் அளவுக்குத் தழும்பு சேரும்வரை அத்தனை ஆண்டுகளும் படம் ‘சுத்தமாக’வே இருக்கும். தோன்றிய தழும்பை நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே, எக்ஸ்ரே நமக்கு நோயைக் காட்டும்போது, தடுத்திருக்கக்கூடிய காலம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். அந்தத் தந்தை கேட்ட கேள்விக்கு எக்ஸ்ரே விடையாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிலிக்கோசிஸின் புள்ளிகளும் காசநோயின் புள்ளிகளும் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியிலேயே தோன்றுவதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவது எளிது. அதற்கு மேலாக, சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் வருவதற்கான வாய்ப்பும் பல மடங்கு அதிகம். எனவே காசநோய் என்று மட்டும் எண்ணிச் சிலிக்கோசிஸைத் தவறவிடுவதும், சிலிக்கோசிஸ் என்று மட்டும் எண்ணி உடனிருக்கும் காசநோயைத் தவறவிடுவதும் ஆபத்தானவை.

மருத்துவப் பட்டியல்களில் சிலிக்கோசிஸ் அரிதாகவே பதிவாகிறது. நோய் அரிது என்பதைவிட, வேலையைக் கேட்பது அரிது என்பதே இதற்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து. ‘கூலி’ என்று எழுதி முடிக்கும் சீட்டில் அது பதிவாக வழியில்லை.

இரத்தம் காட்டிக்கொடுக்கும் நோய்கள்

நுரையீரலுக்குள் நடப்பதை இரத்தத்தில் பார்க்க முடியுமா? சில அரிய நுரையீரல் நோய்களில் முடிகிறது. பெரும்பாலும் இளம் பெண்களைத் தாக்கி, நுரையீரல் முழுவதும் நீர்க்குமிழி போன்ற வெற்றிடங்களை உண்டாக்கும் எல்.ஏ.எம். என்னும் நோயை உறுதிசெய்ய, முன்பு நுரையீரலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. இரத்தத்தில் விஇஜிஎஃப்-டி என்னும் புரதம் மில்லிலிட்டருக்கு 800 பிகோகிராம் அளவுக்கோ அதற்கு மேலோ இருந்து, சி.டி. ஸ்கேனும் அந்நோய்க்கு உரியதாக இருந்தால், அறுவை இன்றியே நோயை உறுதிசெய்யலாம் என்று அமெரிக்க, ஜப்பானிய நெஞ்சக மருத்துவச் சங்கங்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. எத்தனையோ பெண்கள் கத்தியிலிருந்து தப்புவதற்கு ஒரு சிறு குப்பி இரத்தம் போதுமானதாகிவிட்டது.

காற்றுப் பைகளில் புரதப் பொருள் தேங்கும் மற்றோர் அரிய நோயிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அந்நோயாளிகளின் உடல் தனக்குத் தேவையான ஒரு புரதத்துக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது என்பதை 1999ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அந்த எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடுவது இன்று நோயறிதலின் முக்கியப் படியாகிவிட்டது. நுரையீரல் இறுகும் பலவகை நோய்களில் கேஎல்-6 என்னும் குறிகாட்டியை அளப்பது ஜப்பானில் வழக்கமான நடைமுறையாக இருக்கிறது.

இவற்றைக் கேட்கும்போது, “நம் ஊர்க் கல்தூசு நோய்க்கு இப்படி ஒன்றும் இல்லையா?” என்று தோன்றுவது இயல்பே. ஒன்று இருக்கிறது. அதனைப் பற்றிய முக்கியமான பணி நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

நம் மூச்சுச் சிறுகுழல்களின் உட்சுவரில் ‘கிளப்’ உயிரணுக்கள் என்பவை இருக்கின்றன. அவை சிசி16 என்னும் சிறிய புரதத்தைச் சுரக்கின்றன. அழற்சியைத் தணித்து நுரையீரலைக் காப்பது அதன் பணி. அதில் ஒரு சிறு பகுதி இரத்தத்திலும் கலக்கிறது. சிலிக்கா தூசு இந்த உயிரணுக்களைச் சிதைப்பதால் அப்புரதம் சுரப்பது குறைகிறது. இரத்தத்திலும் அதன் அளவு குறைகிறது. சிலிக்கா தூசில் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவாகவே வேலை செய்த சுரங்கத் தொழிலாளரிடம், எக்ஸ்ரேயில் மாற்றம் தோன்றுவதற்கு முன்பே இக்குறைவு காணப்பட்டதாக ஐரோப்பாவில் 1994ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த அகமதாபாத் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இதே சிசி16 புரதத்தைக் கொண்டு சிலிக்கா தூசில் உழைப்போரிடம் நுரையீரல் பாதிப்பை முன்கூட்டியே கண்டறியலாம் என்று முன்வைத்தனர். பெரிய ஆய்வகம் இல்லாத இடத்திலும் பயன்படுத்தத்தக்க எளிய சோதனைப் பட்டை முறையையும் உருவாக்கினர். ஆய்வகத்தில் பிறந்த அந்த முயற்சி இன்னும் நம் கல்குவாரிகளின் வாயில்வரை வந்து சேரவில்லை. வந்து சேர வேண்டும் என்பதும், வரும்போது அது எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதை இப்போதே நாம் பேசிவைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

சல்லடைக்கும் தராசுக்கும் உள்ள வேறுபாடு

முதலில் அதன் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். சிசி16 சிலிக்காவை மட்டும் அறிந்த புரதம் அன்று. புகைபிடிப்போரிடமும் அது குறைகிறது. நாட்பட்ட மூச்சடைப்பு நோயிலும் குறைகிறது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களிடம் உடலிலிருந்து வெளியேறாமல் தேங்கி, அளவு கூடுதலாகத் தெரியலாம். நுரையீரலில் திடீரென்று கடும் பாதிப்பு நேர்ந்தால், சிதைந்த சுவர் வழியே இரத்தத்தில் கசிந்து சிறிது காலம் உயரவும் கூடும். எனவே, ‘அளவு குறைவு, ஆகையால் சிலிக்கோசிஸ்’ என்றோ, ‘அளவு சரி, ஆகையால் நோயில்லை’ என்றோ ஒரே ஓர் எண்ணை வைத்து எவரும் முடிவுசெய்யக் கூடாது.

நம் வீடுகளில் மாவு சலிக்கும் சல்லடையும் உண்டு. கடையில் எடைபோடும் தராசும் உண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. சிசி16 ஒரு சல்லடை. தூசில் உழைக்கும் நூறு பேரில் யாரை உடனே மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று அது பிரித்துக் காட்டும். நோய் இதுதான் என்று உறுதிசெய்யும் தராசாக இன்றும் விளங்குபவை மூன்று: பார்த்த வேலையின் முழு வரலாறு, எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன், அதே தோற்றம் தரும் வேறு நோய்கள் இல்லை என்று காணும் பரிசோதனைகள். இம்மூன்றில் முதலாவதற்குச் செலவே இல்லை. ஆனால் அடிக்கடி விட்டுப்போவதும் அதுவே.

ஒருமுறை எடுத்த அளவைவிட, அதே ஆளிடம் ஆண்டுதோறும் எடுத்த அளவுகள் அதிகம் பேசும் என்று கருதுகிறேன். ஒரு இளைஞர் கிரசர் வேலையில் சேரும் நாளில் அவரது அளவு என்ன, ஓராண்டு கழித்து என்ன, மூன்றாண்டு கழித்து என்ன என்று பார்த்தால், அவர் புகைபிடிப்பவரா, வேறு நோயுள்ளவரா என்ற குழப்பங்கள் ஓரளவு விலகும். சரிவு தனியே தெரியும். அந்த மகனுக்கு மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு துளி இரத்தம் எடுத்து வைத்திருந்தால், அவர் தந்தையின் கேள்விக்கு இன்னும் நேர்மையான விடையை நான் சொல்லியிருக்க முடியும்.

தெரிந்து என்ன பயன்?

“மருந்தே இல்லாத நோயை முன்கூட்டித் தெரிந்துகொண்டு என்ன செய்வது? மனக்கவலைதான் மிஞ்சும்” என்று சிலர் கேட்கிறார்கள். தக்க கேள்வியே. தழும்பை அழிக்க மருந்து இல்லை என்பது உண்மை. செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்பது உண்மையன்று. தூசிலிருந்து எவ்வளவு முன்பாக விலகுகிறோமோ அவ்வளவு குறைவாகவே தூசு உள்ளே சேரும். புகைப்பதை நிறுத்தினால், எஞ்சிய நுரையீரல் காக்கப்படும். சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் உரிய தடுப்பூசிகளை உரிய காலத்தில் போட்டுக்கொள்ளலாம். காசநோய் வந்திருக்கிறதா என்று முறையாகத் தேடலாம். சிலிக்கோசிஸ் உள்ளவர்களிடம் மறைந்திருக்கும் காசநோய்த் தொற்றைத் தேடி, தடுப்பு மருந்து தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நம் நாட்டுக் காசநோய்த் திட்டமும் இப்பிரிவினரைக் கவனத்தில் கொண்டுள்ளது. இவற்றுள் எதுவும் ‘கூலி’ என்ற சொல்லின் கீழ் நடைபெறாது.

“சோதனையில் குறை தெரிந்தால் முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவாரே?” என்பது இரண்டாவது கேள்வி. இது முன்னதைவிடக் கடினமானது. இந்த அச்சத்தாலேயே முகாமுக்கு வராமல் ஒளிந்துகொண்டவர்களை நான் அறிவேன். தினக்கூலி நின்றால் அன்று மாலையே அடுப்பு அணையும் வீட்டில், நாளைய மூச்சைப் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆகவே என் நிலைப்பாடு இது: இரத்தச் சோதனை தொழிலாளியை வடிகட்டி வெளியேற்றும் கருவியாக ஆகுமானால் அது வராமலிருப்பதே நல்லது. பத்துப் பேருக்கு அளவு குறைந்தால், அந்தப் பத்துப் பேரை மாற்றுவதற்கு முன், அந்த இடத்தின் தூசை அளக்க வேண்டும். குறைந்த அளவு அந்த இடத்தின் மீதான குற்றச்சாட்டு. அந்த ஆளின் குறைபாடு அன்று. முடிவு தொழிலாளியிடமே தரப்பட வேண்டும். தூசு குறைந்த வேறு வேலை அதே ஊதியத்தில் தரப்பட வேண்டும்.

தூசைக் குறைக்கும் வழிகள் புதியவை அல்ல. துளைக்கும்போதே தண்ணீர் பாய்ச்சுதல், கிரசரில் கல் விழும் இடங்களில் நீர்த் தெளிப்பான், தூசு கிளம்பும் பகுதியை மூடி உறிஞ்சி எடுத்தல் ஆகியவை பல காலமாக அறியப்பட்டவை. வாயைச் சுற்றித் துண்டைக் கட்டுவது வெயிலைத் தடுக்கும். 5 மைக்ரான் தூசைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்95 வகை முகக்கவசம் பயன்படும். ஆயினும், பாறைச் சூட்டில் எட்டு மணி நேரம் அதனை அணிந்துகொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பதை அணிந்து பார்த்தவர் அறிவர். அதனால்தான் முகக்கவசத்தைக் கடைசிக் காவலாகவும், தண்ணீரை முதற் காவலாகவும் கொள்ள வேண்டும் என்கிறோம்.

கணக்கில் வராத இழப்பு

2012ஆம் ஆண்டு மேலூர் வட்டாரக் கிரானைட் குவாரிகளின் முறைகேடுகள் வெளிவந்தபோது, அரசுக்கு நேர்ந்த இழப்பு பல ஆயிரம் கோடி ரூபாய் என்று பேசப்பட்டது. 2014ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் உ. சகாயம் அவர்களை ஆணையராக நியமித்து விசாரிக்கச் செய்தது. தோண்டிய குழிகளின் ஆழமும், வெட்டிய கற்களின் கன அளவும் அளக்கப்பட்டன. அந்தக் கற்களை வெட்டியவர்களின் நுரையீரலைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை என்பது என் வருத்தம்.

நுரையீரலின் இழப்பையும் கணக்கிட முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் பழங்குடி ஊர்களிலிருந்து குஜராத்தின் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்குச் சென்று சிலிக்கோசிஸால் மாண்ட 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கல் தொழில் மிகுந்த இராஜஸ்தான் மாநிலம், தூசு நோயாளிகளைச் சான்றளித்து உதவித்தொகையும் மாத ஓய்வூதியமும் வழங்கும் தனிக் கொள்கையை 2019ஆம் ஆண்டு வகுத்தது. அங்கே ஒரு நோயாளி, தமக்கு நோய் உண்டென்று சான்று பெறுவதற்கு ஒரு வழி இருக்கிறது. கொட்டாம்பட்டியின் நோயாளிக்கும் அத்தகைய நேரான வழி வேண்டும்.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே தூசால் வரும் நுரையீரல் நோய்கள் சேர்க்கப்பட்டிருந்தன. சுரங்கத் தொழிலாளருக்கு வேலையில் சேரும்போதும் குறிப்பிட்ட இடைவெளிகளிலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற விதிமுறையும் பல்லாண்டுகளாக உண்டு. ஆனால், இன்று ஒரு கிரசர், அடுத்த மாதம் வேறொன்று என்று, வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாமல் உழைப்பவருக்கு இவை எட்டுவதில்லை.

எட்டச் செய்யும் பாதை ஒன்று நம் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2021ஆம் ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வேலையிடத்துக்கே சென்று பார்க்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்ற ஏற்பாடும் வந்துள்ளது. காசநோயைத் தேடி எக்ஸ்ரே வண்டிகளும் ஊர்களுக்கு வருகின்றன. சர்க்கரைக்காக விரல் நுனியில் குத்தும் அதே வேளையில், கல்தூசில் உழைப்பவருக்கு சிசி16 சோதனையையும் செய்யலாம். புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். முதலில் மேலூர், கொட்டாம்பட்டி வட்டாரத்தின் குவாரிகளிலும் கிரசர்களிலும் இதனை முறையான ஆய்வாகத் தொடங்கி, நம் மக்களிடம் இச்சோதனை எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று பார்த்த பின் விரிவாக்கலாம். சுகாதாரத் துறை, தொழிலாளர் துறை, கனிமவளத் துறை ஆகிய மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும்.

நீங்கள் செய்யக்கூடியது

இச்சோதனை இன்று எல்லா ஆய்வகங்களிலும் கிடைப்பதன்று. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்களாலும் உங்கள் குடும்பத்தாராலும் இப்போதே ஆகக்கூடியவை சில உண்டு.

குவாரி, கிரசர், கிணறு வெட்டு, சிற்ப வேலை, அம்மி கொத்துதல், கிரானைட் பலகை அறுத்தல், டைல்ஸ் வெட்டுதல் ஆகியவற்றில் ஒன்றை எப்போதாவது செய்திருந்தால், எந்த மருத்துவரிடம் சென்றாலும், அவர் கேட்காவிட்டாலும், அதனை முதலில் சொல்லுங்கள். எத்தனை வயதில் தொடங்கினீர்கள், எத்தனை ஆண்டுகள், தண்ணீர் ஊற்றியா உலர்ந்தபடியா வேலை நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய எக்ஸ்ரேக்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய படங்களைத் தூக்கி எறியாதீர்கள். புதிய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். சளியில் கிருமி தெரியாமலே காசநோய் மருந்து மீண்டும் தொடங்கப்பட்டால், “தூசு நோயாக இருக்குமா, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால், தொடங்கிய மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு நோய்களும் சேர்ந்தே இருக்கக்கூடும். வேலை உடையோடு வீட்டுக்குள் வந்து குழந்தையைத் தூக்க வேண்டாம். உடையை மாற்றி, குளித்த பின் தூக்குங்கள். கல் உடைக்கும் தொழிலும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் பட்டியலில் உண்டு. பதிவு செய்து அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அது ஓர் எழுத்துச் சான்று.

அந்த மகனை மீண்டும் வரவழைத்தேன். “எக்ஸ்ரே சுத்தம் என்றால் இன்னும் புள்ளி விழவில்லை என்றுதான் பொருள், தூசு சேரவில்லை என்று பொருளன்று” என்று, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை அன்று சொன்னேன். மூச்சுத்திறன் சோதனை செய்து அளவைக் குறித்து வைத்தோம். ஆண்டுக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லியிருக்கிறார். கிரசரில் அரைவை இயந்திரத்தின் அருகிலிருந்து லாரி ஏற்றும் பக்கத்துக்கு மாற்றிக் கேட்டிருப்பதாகவும் சொன்னார். அங்கும் தூசு உண்டு, ஆனால் குறைவு.

புறப்படும் முன் அவருடைய சீட்டை எடுத்து, தொழில் என்ற வரியில் இருந்த ‘கூலி’யை அடித்துவிட்டு, ‘கிரசர், மூன்று ஆண்டுகள், உலர் அரைவை’ என்று எழுதினேன். அடுத்த முறை நீங்கள் வரும்போது, பதிவு செய்யும் இடத்தில் இருப்பவர் அந்த வரியில் ‘கூலி’ என்று எழுதத் தொடங்கினால், சற்று நிறுத்தி, என்ன வேலை என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள்.